யாரைக் காணவில்லை என்று கேட்டார்கள்

தேங்காய்ப்பட்டணம்
14.9.2009, திங்கள்கிழமை

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

அன்பு மகன் ஜெஃப்ரினுக்கு உன் அம்மா வேளாங்கண்ணி எழுதுவது. நானும் உன் அப்பாவும் உன் தங்கச்சி ரெஜிஷாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், மாதாவின் அருளால் நீயும் மஸ்கட்டில் சுகமாக இருப்பாய் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் அப்படித்தான் சொல்லித் தந்தார், அதனால் எழுதிவிட்டேன். ஆனால் மக்கா, சுகம் என்று எழுதின கைக்கு இன்னும் சூடு ஆறவில்லை. போனில் பேசலாம்தான். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் டவர் இல்லை, கேட்கவில்லை, டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உன் என்ஜினியரின் வீட்டுக்காரி பூங்கனி நாளைக்குத் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறாள், அவள் கையில்தான் இதைக் கொடுத்து விடுகிறேன். நீ கடைசி வரி வரைக்கும் வாசித்து முடிக்கிற வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல பிள்ளை, நிற்பாள்.

முதலில் இருந்தே வருகிறேன். போன மாசம் நீ போனில் சொன்னாய், எங்கள் என்ஜினியரும் அவர் மனைவியும் லீவில் கோயம்புத்தூருக்கு வருகிறார்கள், நம் பக்கத்துக் கடற்கரை, கோட்டை, அரண்மனை எல்லாம் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், அதிலும் தேங்காய்ப்பட்டணத்தில் தொடங்கி முட்டம் வரைக்கும் கடலோரமாகவே நடக்க வேண்டுமாம், அப்பா கூட்டிக்கொண்டு போவார் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று. வாக்குக் கொடுப்பது நீ, நடப்பது உன் அப்பா. அவருக்குச் சர்க்கரை இருப்பதும், வலது காலில் வந்த புண் இப்போதுதான் ஆறியிருக்கிறது என்பதும் உனக்குத் தெரியுமா? தெரியாது, ஏனென்றால் நாங்கள் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்றால் நீ கேட்கவில்லை. எந்தக் கரையை நினைத்து நீ அவர்களிடம் அளந்துவிட்டாயோ எனக்குப் பிடிபடவே இல்லை. நீ பந்து விளையாடின மணல் இப்போது இல்லை. கடல் அரிக்கிறது, அரிக்கிறது என்று பாதித் துறைகளுக்குக் கருங்கல்லைக் கொண்டுவந்து மலையாகக் கொட்டியிருக்கிறார்கள், அதன் மேல் ஆடுதான் நடக்கும். மணல் மிச்சம் இருக்கிற இடத்தில் காலை நேரத்தில் எங்கே பார்த்துக் கால் வைக்க வேண்டும் என்பதை நான் எழுதித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டுமா? நம் ஆட்கள் கடற்கரைக்கு எதற்குப் போகிறார்கள், வள்ளம் தள்ள, வள்ளம் இழுக்க, மீன் ஏலம் எடுக்க, கிழிந்த வலை பொத்த. நடப்பதற்கென்று யார் போகிறார்கள்? இதையெல்லாம் சொல்லாமல், உலகத்தில் இல்லாத அழகு என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். அவ்வளவு அழகு என்றால் நாலு வருஷமாக நீ ஏன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்று அவர்களாவது உன்னிடம் கேட்டிருக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினார்கள். குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும், தங்கமான பிள்ளைகள். சாளை மீன் புளிமுளமும் மரச்சீனிக் கிழங்கு மயக்கினதும் வைத்தேன், கண்ணில் தண்ணீர் ஊற்ற ஊற்ற ரெண்டு பேரும் சாப்பிட்டார்கள். நாங்கள் பேசுவது பாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கிறதாம், நீங்கள் வீட்டில் மலையாளமா பேசுவீர்கள் என்று பூங்கனி கேட்டாள். உன் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கே, வாழைப்பழம் என்று சொல்லு பார்ப்போம் என்றார். அவள் அதை வாளப்பளம் ஆக்கினாள், ரெஜிஷா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு எலிசா சித்தி எட்டிப் பார்த்தாள். இப்படிச் சந்தோஷமாகத்தான் இருந்தோம். அப்புறம் பூங்கனி காமிராவை எடுத்தாள். அவர்கள் போன இடங்களின் படமெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். சலாலா என்று ஒரு ஊராம், மலையெல்லாம் பச்சை, கீழே வெள்ளை மணல், அங்கே முட்டளவு தண்ணீரில் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒருத்தன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். யாரென்று பார்த்தால் நீ. போன மாசம் கம்பெனி ஆட்கள் எல்லோரும் ஒரு வாரம் லீவு போட்டுப் போனீர்களாம். மாதா திருவிழாவுக்காவது வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று நான் கெஞ்சினதும் அதே மாசம்தான். ஒரு நாள்கூட லீவு கிடையாது அம்மா, கேட்டால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவான் என்று நீ சொன்னாய். கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற மனுஷர் எதிரில் உட்கார்ந்து நெத்திலிப் பொரியல் தின்றுகொண்டிருக்கிறார். அவர்களுக்கு என்ன தெரியும், ஆசையாகக் காட்டினார்கள். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். உன் அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு காமிராவைக் கையில் வாங்கிப் பார்த்தார். இது எந்தக் கரை என்று கேட்டார். சொன்னார்கள். நல்ல கரை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை கண்டுவிட்டு நடக்கப் புறப்பட்டோம். எட்டு முழ வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக உன் அப்பா, முதுகில் பையும் தலையில் தொப்பியுமாக என்ஜினியர், பிறகு பூங்கனி. புண் காலோடு போகிறவரைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் கூடப் போனேன். ரெஜிஷாவுக்குப் பரீட்சை, அவளை வீட்டில் விட்டுவிட்டோம். எங்கேயாவது மணலில் விரித்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்று பூங்கனி ஆசைப்பட்டதால் ஒரு வெள்ளை விரிப்பைத் துவைத்து மடித்து நான் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். நம் துறையைத் தாண்டினதும் காற்று என்ஜினியரின் தொப்பியைத் தூக்கிக் கடலில் போட்டது. பிறந்தநாளுக்குப் பூங்கனி வாங்கிக் கொடுத்ததாம், அவருக்கு முகம் வாடிவிட்டது. உன் அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவனின் பொருளை நம் கடல் கொண்டுபோகலாமா என்று அவருக்கு. இப்போது கடலில் நீவாடு கிழக்கே இழுக்கிறது, விழுந்தது அந்தப் பக்கம்தான் போகும், அடுத்த துறையில் கரையேறிவிடும் என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணைத் தண்ணீரை விட்டு எடுக்காமல் முன்னால் நடந்தார். அவர் பின்னால் நாங்கள் மூன்று பேரும் வரிசையாகப் போனோம். இப்போது நீயே அந்தக் கோலத்தை நினைத்துப் பார். நீவாடு கிழக்கே இழுக்கிற மாசம், ஒருத்தரும் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை, வயசான ஒருத்தர் தண்ணீர் ஓரமாகக் கடலையே பார்த்துக்கொண்டு கிழக்கே நடக்கிறார், பின்னால் பெண்டாட்டி மடித்த வெள்ளை விரிப்போடு போகிறாள். கடலுக்குப் போனவன் திரும்பாதபோதுதான் நம் கரையில் வீட்டு ஆட்கள் அப்படித் துறை துறையாக நடப்பார்கள். விரிப்பு எதற்கு என்று உனக்குத் தெரியும், கிடைத்தால் மூடுவதற்கு. வேறு எதற்கும் யாரும் அப்படி நடந்ததில்லை. சுனாமி போய் ஐந்து வருஷம்கூட ஆகாத கரை இது. பிறந்ததில் இருந்து இங்கே கிடக்கிற எனக்குப் புறப்படும்போது அது தோன்றவில்லையே, விருந்தாளிக்குச் சோறு எடுத்தோமா, தண்ணீர் எடுத்தோமா என்றுதான் புத்தி ஓடியது.

அடுத்த துறையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் சீட்டைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். ஒருத்தர் வந்து உன் அப்பாவிடம் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். நாற்பது வருஷம் கடலில் கிடந்த மனுஷன், தொப்பி தேடுகிறேன் என்று எப்படிச் சொல்வார்? வெட்கப்பட்டுக்கொண்டு, ஒன்றுமில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். தண்ணீரைப் பார்த்து நடக்கிறவன் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு வழி விட்டார்கள். நாங்கள் அதற்கடுத்த துறைக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் போன் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே பெண்கள் கட்டஞ்சாயாவோடு காத்து நிற்கிறார்கள். குடிக்காமல் போகக்கூடாது என்று கையில் திணிக்கிறார்கள். பூங்கனிக்கு ஒரே சந்தோஷம், எவ்வளவு அன்பான ஜனங்கள் அம்மா, எங்கள் ஊரில் தெரியாதவர்களுக்கு யார் டீ கொடுப்பார்கள் என்கிறாள். ஒரு பெரியம்மா அவள் தலையைத் தடவி, தாலியைத் தொட்டுப் பார்த்து, இந்தச் சின்ன வயசில் என்று சொல்லி அழுதாள். அது ஏன் என்று பூங்கனி கேட்டதற்கு உன்னை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லி வைத்தேன். எங்களை என்னவென்று நினைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரிப்பைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு, ஒருவரும் காணாமல் போகவில்லை, சும்மா நடக்கிறோம் என்று சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. சும்மா நடக்கிறோம் என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள், பெற்றவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று என்னையும் ரெண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்கும் கிழக்கே சிலுவை அண்ணனின் துறை. உன் அப்பாவோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர், நீ கோவிலில் புதுநன்மை வாங்கின அன்றைக்கு வாட்ச் வாங்கித் தந்தாரே, அவரேதான். போனில் கேள்விப்பட்டுக் கரையில் வந்து நின்றுகொண்டிருந்தார். பூங்கனிக்குக் கல்லில் இறங்கத் தெரியாமல் நான் அவளைப் பிடித்து இறக்கிக்கொண்டு பின்னால் நின்றுவிட்டேன். தூரத்தில் சிலுவை அண்ணன் உன் அப்பாவின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டார், இவர் என்னவோ சொன்னார், அலைச் சத்தத்தில் காதில் விழவில்லை. அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சிலுவை அண்ணன் திரும்பி ஒரு குரல் கொடுத்தார், உடனே பையன்மார் ஓடி வந்து வள்ளத்தைத் தள்ளினார்கள். ஞாயிற்றுக்கிழமை கடலில் வள்ளம் இறக்கினால் ஊர் சும்மா விடாது, ஆனால் ஆள் தேடப் போவதற்குக் கிழமை கிடையாது. பூசைக்குப் போட்டுப் போன நல்ல சட்டையோடு ஏறிப் போனார்கள். நான் ஓடி வருவதற்குள் வள்ளம் அலையைத் தாண்டிவிட்டது. உன் அப்பா தடுக்கவில்லை. தூண் மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கத்தினேன், என்ஜின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. கடைசியில் அந்த வெள்ளை விரிப்பை உதறித் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். அப்படி ஆட்டினால் கிடைத்துவிட்டது, திரும்பி வா என்று அர்த்தம். திரும்பி வந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். அதில் ஒருத்தன் தண்ணீரில் குதித்து என் பக்கத்தில் வந்து, “எங்க கெடக்கு மாமி?” என்று கேட்டான். நான் என்ன சொல்வேன்? ஒருவரும் இல்லை மக்களே, விருந்தாளிகளோடு கடற்கரை பார்க்க வந்தோம், தொப்பி ஒன்று கடலில் போய்விட்டது என்றேன். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிலுவை அண்ணன் உன் அப்பாவைப் பார்த்துவிட்டு வள்ளத்தை ஏற்றி வைக்கப் போய்விட்டார். அப்போதுதான் என்ஜினியருக்கும் பூங்கனிக்கும் விஷயம் புரிந்தது. பூங்கனி அழுதுவிட்டாள். குடித்த சாயா எல்லாம் எதற்காகக் கொடுத்தது என்று அவளுக்கு அப்போதுதானே தெரிகிறது.

அதோடு முடிந்ததா? ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தால் முற்றம் நிறைய ஜனம். திருவிழாவுக்குக் கோவிலில் வாங்கின பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் நம் முற்றத்தில் வரிசையாகக் கிடக்கிறது. ஃபாதர் உட்கார்ந்திருக்கிறார். கோவில் மைக்கில், யூஜின் அவர்களின் மகன் ஜெஃப்ரின் கடலில் காணாமல் போனதால் அனைவரும் ஜெபிக்கவும் என்று சொல்லியாயிற்று. வெளிநாட்டில் இருந்து ஒருவருக்கும் சொல்லாமல் லீவில் வந்தாயாம், வந்த மறுநாள் கடலில் இறங்கினாயாம், இப்படிக் கதை கட்டியாகிவிட்டது. பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், எலிசா சித்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு உன் சின்ன வயசுக் குறும்பு எல்லாம் சொல்லி அழுகிறாள், நடுவில் ரெஜிஷா போனைக் கையில் வைத்துக்கொண்டு வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். உன் அண்ணன் மஸ்கட்டில் அல்லவா இருக்கிறான், உனக்குமா தெரியாது என்று அவளைக் கேட்டேன். அவள் கேட்டாள் பார் ஒரு கேள்வி, “எனக்கு எப்பிடிம்மா தெரியும், அவன் பேசி ஒரு மாசம் ஆச்சே” என்று. காலையில் இருந்து உன்னை விடாமல் கூப்பிட்டிருக்கிறாள், மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. சாயங்காலம் எடுத்தாயாம். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாயாம். இதற்கா இத்தனை மிஸ்டு கால் என்று கேட்டாயாம். ரெஜிஷா உன்னிடம் இனி பேசமாட்டேன் என்கிறாள், நான் சமாதானம் சொல்லவில்லை, நீயே சொல்லிக்கொள். வந்த ஜனத்திடம் உண்மையைச் சொல்லி அனுப்புவதற்குள் என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. சிலர் மாதா காப்பாற்றினாள் என்று போனார்கள், சிலர் கடற்கரையைச் சுற்றிப் பார்க்கிற அளவுக்கு வேளாங்கண்ணிக்குக் கொழுத்துப் போயிற்றா என்று என் காது கேட்கவே சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் எலிசாவும் உன் பெயரை யார் கிளப்பிவிட்டது என்று சண்டை போட்டுக்கொண்டோம். அவள் தான் இல்லை, கிழக்கே இருந்து போன் வந்தது என்கிறாள். நாங்கள் போன துறையில் ஒன்றில்கூட உன் பெயரை நான் எடுக்கவில்லையே, எவள் வாயில் முதலில் வந்தது, அவளைக் கண்டுபிடித்து நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

இன்றைக்குத் திங்கள்கிழமை, இனி நடக்கவே வேண்டாம் என்று ஒரு காரைப் பிடித்துக் கிளம்பினோம். குளச்சலில் டச்சுக்காரர்களை ஜெயித்ததற்கு நட்ட தூணைப் பார்த்தார்கள். அந்தத் தூணின் நிழலில் மீன் கூடையை இறக்கி வைத்து எத்தனையோ நாள் நான் நின்றிருக்கிறேன், எதற்கு நட்டது என்று என்ஜினியர் சொல்லித்தான் தெரியும். அங்கிருந்து தக்கலைக்குப் போய்ப் பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் இறங்கினால் பூட்டிக் கிடக்கிறது, திங்கள்கிழமை லீவாம். அரண்மனைக்குக்கூட வாரத்தில் ஒரு நாள் லீவு இருக்கிறது, உனக்குத்தான் இல்லை. சரி வந்ததற்கு என்று பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குப் போனோம். மரமும் நிழலுமாக நல்ல இடம்தான். உள்ளே அந்த டச்சுக் கேப்டனின் கல்லறை இருக்கிறது. போரில் பிடிபட்டவன், பிறகு ராஜாவிடமே படைத்தலைவனாகி, ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே செத்துப்போனான் என்று என்ஜினியர் விளக்கிச் சொன்னார். பெரிய வீரன், பெரிய சம்பளம், பெரிய மரியாதை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அந்தக் கல்லைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. அவனையும் ஒருத்தி பெற்றிருப்பாள் அல்லவா, அவள் எந்தக் கரையில் நின்று எத்தனை வருஷம் பார்த்தாளோ, அதை ஒருத்தரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை.

அவர்கள் ரெண்டு பேரும் கோட்டைச் சுவரைப் படம் எடுக்கப் போனார்கள். நானும் உன் அப்பாவும் கல்லறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் மறுபடியும் தொடங்கினேன், உயிரோடு இருக்கிற பிள்ளையைக் காணவில்லை என்று சொன்னவள் யாரென்று தெரியட்டும், அவள் நாக்கை என்ன செய்கிறேன் பார் என்று. உன் அப்பா காலைத் தடவிக்கொண்டே, “அவளுமில்ல, எவளுமில்ல. நாந்தான் சொன்னேன்” என்றார். எனக்குப் புரியவில்லை. அப்புறம் சொன்னார். சிலுவை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, “யாரக் காணல, சொல்லு மக்கா” என்று கேட்டாராம். தொப்பி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாராம். “மூத்தவனக் காணல, நாலு வருசமாச்சுண்ணு வாயில வந்துட்டு வேளாங்கண்ணி” என்றார். நாலு வருஷம் என்றது அலைச் சத்தத்தில் சிலுவை அண்ணனுக்குக் கேட்டதோ என்னவோ, மூத்தவன் என்றது கேட்டுவிட்டது. அப்படியென்றால் வள்ளம் தள்ளும்போதாவது தடுத்திருக்கலாமே, அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டீர்களே என்று கத்தினேன். உன் அப்பா கத்துவதற்குப் பதில் கத்துகிற மனுஷர் இல்லை, உனக்குத் தெரியும். கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “எவனாவது ஒருத்தன் அவனத் தேடிப் போறத ஒருக்கப் பாத்துக்கிடுவோம்ணுதான் நின்னேன்.” மக்கா, இத்தனை நாள் நான்தான் உன்னை நினைத்துப் புலம்புகிறேன், இந்த மனுஷனுக்குக் கல் மனசு என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நல்ல கரை என்று சொன்னவர், மறுநாள் முழுசும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடந்தது தொப்பிக்காக மட்டும்தானா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. கேட்கவில்லை. நீ வந்து கேள்.

உன் மேல் கோபம் போகவில்லை, போனதாக நினைத்துக்கொள்ளாதே. சலாலாவுக்குப் போனதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், வயசுப்பிள்ளை, உழைக்கிறவன், நாலு இடம் பார்க்கத்தான் வேண்டும். லீவு இல்லை என்று பொய் சொன்னாயே, அதுதான். வீட்டுக்கு வர என்ன தடை என்று எனக்குத் தெரியவில்லை. கடலுக்குப் போகாமல் வெளிநாடு போனவன் என்று இங்கே ஒருவரும் உன்னைக் குறைவாகப் பேசவில்லை, உன் கலியாணப் பேச்சை எடுக்கிறேன் என்று பயந்தால், எடுக்கவில்லை, சத்தியம். ஒன்று மட்டும் உனக்கு நினைவூட்டுகிறேன். கடலில் தேடப்பட்டவன் உயிரோடு கிடைத்தால், தேடிப்போன வள்ளத்துக்காரர்கள் வீடு தேடிப் போய் முகம் காட்டிவிட்டு வர வேண்டும், அது நம் கரையில் உள்ள முறை. சிலுவை அண்ணனின் பையன்மார் உனக்காக ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டையோடு கடலில் இறங்கியிருக்கிறார்கள். அந்த முகத்தைப் போனிலோ படத்திலோ காட்ட முடியாது. உன் அப்பா இன்னும் அந்தப் பக்கம் போகக் கூச்சப்படுகிறார், நீ வந்துதான் அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கிறிஸ்மஸுக்கு என்று என்ஜினியர் நேற்றே சொல்லிவிட்டார், லீவு கொடுப்பது தன் பொறுப்பு என்று. இனி அந்தச் சாக்கும் இல்லை.

முந்திரிக்கொத்தும் நெத்திலிக் கருவாடும் மரச்சீனி வற்றலும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், கருவாட்டை அறையில் உள்ளவர்களுக்கும் கொடு. நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள், படுக்கிறதுக்கு முன்னால் ஒரு அருள்நிறை மரியாவாவது சொல்லு. ரெஜிஷாவுக்குப் போன் போடு, முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அப்புறம் பேசு. மாதா உன்னைக் கையைப் பிடித்து நடத்தட்டும், போகும்போதும் வரும்போதும், முக்கியமாக வரும்போது. இன்னொன்று, என்ஜினியரின் தொப்பி இன்றைக்குக் காலையில் சிலுவை அண்ணனின் துறையில் கரையேறிவிட்டது. யாரோ எடுத்து அவரிடம் கொடுக்க, அவர் பையனிடம் கொடுத்து அனுப்பினார். உப்புப் போக அலசிக் காய வைத்து இந்தப் பையிலேயே வைத்திருக்கிறேன், என்ஜினியரிடம் இன்னும் சொல்லவில்லை, நீயே எடுத்து அவர் கையில் கொடு. தேடினதில் ஒன்று கிடைத்துவிட்டது.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
யூ. வேளாங்கண்ணி